சில்லறைக் குறைகள்

கார் பழுதாகத்தான் இருந்தது. போதுமான அளவுக்குப் பழுதாக இல்லை என்பதுதான் மருந்துக்கடைக்காரரின் கவலை.

"இந்த வலது பக்கக் கண்ணாடி விரிசல் விட்டிருக்கே?" என்று நம்பிக்கையோடு கேட்டார்.

மெக்கானிக் குனிந்து பார்த்தார். "முகம் தெரியுதா சார்?"

"ரெண்டா தெரியுது."

"ஒண்ணு தெரிஞ்சாலே போதும். உங்களுக்கு ஒண்ணு உபரி. இதெல்லாம் சில்லறைக் குறை சார். டெஸ்ட்ல இதுக்கெல்லாம் ஃபெயில் பண்ண மாட்டாங்க."

"டிக்கி மூட மாட்டேங்குது. ஓங்கி ஓங்கி அடிச்சாத்தான் மூடுது."

"மூடுதுல்ல?"

"பின் கதவு உள்ளேருந்து திறக்காது. வெளியில ஒரு ஆள் வந்து திறந்துவிடணும்."

"அது மரியாதை சார், குறை இல்லை."

மெக்கானிக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். வாகனப் பரிசோதனைக்குப் போகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் முகம் வெளுத்துப்போய் அவருடைய பட்டறை வாசலில் வந்து நிற்பார்கள். தைரியம் சொல்லி அனுப்புவது அவர் வழக்கம். இந்த மனிதருக்கு மட்டும் தைரியம் சொல்லச் சொல்ல முகம் இன்னும் வெளுத்துக்கொண்டே போனது ஏன் என்று அவருக்கு விளங்கவில்லை.

விஷயம் இதுதான். போன மாதம் மனைவியின் அக்கா வீட்டில் விருந்து. சாப்பிட்டு முடித்து எல்லோரும் காலை நீட்டி உட்கார்ந்திருந்தபோது அக்கா ஒரு யோசனை சொன்னார். "நாம நாலு பேரும் உங்க கார்லயே மலைப்பக்கம் போய் ஒரு வாரம் இருந்துட்டு வந்தா என்ன?"

கல்யாணமான பிறகு அக்காவும் தங்கையும் சேர்ந்து ஓரிடத்துக்கும் போனதில்லை. மனைவி கணவர் முகத்தையே பார்த்தார். மருந்துக்கடைக்காரரும் வயிறு நிறைந்த பெருந்தன்மையோடு, "தாராளமா போலாமே! அடுத்த மாசம் காருக்கு டெஸ்ட் வருது. பாஸானா மறுநாளே கிளம்பிடலாம்" என்று சொல்லிவிட்டார். அந்தக் காராவது பாஸாவதாவது என்ற நினைப்புதான் அவரை அவ்வளவு தாராளமாகப் பேச வைத்தது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்கிறோம் என்று அப்போது தெரியவில்லை.

அவருக்கு மலையோடு விரோதம் இல்லை. மனைவியோடும் இல்லை. மனைவியின் அக்காவையும் ரொம்பப் பிடிக்கும். சிக்கல் எல்லாம் அக்காவின் வீட்டுக்காரர், அதாவது அவருடைய சகலை.

சகலை தபால் நிலையத்தில் பெரிய பதவியில் இருந்தார். தரையில் நிற்கும்போது தங்கமான மனிதர். காரின் முன் சீட்டில் உட்காரும்போதுதான் ஆளே மாறிவிடுவார். கதவுக்கு மேலே இருக்கும் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். தன் பக்கம் இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வருவார். தெருமுனை திரும்பும்போது தொடங்கும் பாடம், இறங்கும்வரை ஓயாது. "பார்த்து சகலை." "லாரி வருது சகலை." "சிவப்பு எரியுது சகலை." ஒரு தடவை, "அது மரம் சகலை!"

மரம் என்று அவருக்குத் தெரியாதா? மருந்துக்கடைக்காரர் நன்றாகக் கார் ஓட்டுவார் என்பது மருந்துக்கடைக்காரரின் உறுதியான அபிப்பிராயம். அப்படிப்பட்டவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் ஓயாமல் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தால் எப்படி இருக்கும்? உறவினர் வீட்டுக்கு அரைமணி நேரம் அழைத்துப் போனதற்கே அவருக்கு அன்று முழுக்கத் தலைவலி. இதில் ஒரு வாரம், அதுவும் வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதை. நினைக்கும்போதே கடையிலிருக்கும் தலைவலி மாத்திரை அத்தனையும் போதாது என்று தோன்றியது.

"சரி, ஒரு சந்தேகம்" என்றார் மெக்கானிக்கிடம். "சில்லறைக் குறைகளே நிறைய இருந்தா?"

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "ஒண்ணு ரெண்டு இருந்தா எழுதிக்கிட்டு விட்டுடுவாங்க. ஏகப்பட்டது இருந்தா, அது பார்க்கிற அதிகாரியோட இஷ்டம் சார். 'எல்லாத்தையும் சரி பண்ணிட்டு வா'ன்னு திருப்பியும் அனுப்பலாம். அங்கே மூணாவது வரிசையில ஒருத்தர் இருக்காரு. கறார்னுதான் நாங்க கூப்பிடறது. சொந்த மாமனார் வண்டியையே திருப்பி அனுப்பின மனுஷன். நீங்க எந்த வரிசைக்கு வேணா போங்க, அவர்கிட்ட மட்டும் போயிடாதீங்க."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. மருந்துக்கடைக்காரர் அன்று மாலையே பரிசோதனை நிலையத்துக்குப் போன் செய்து, மூன்றாவது வரிசையில்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். எதிர்முனையில் இருந்த பெண் இரண்டு தடவை கேட்டார், "மூணாவதா சார்? நிஜமாவா?" என்று.

சிறு துளி பெருவெள்ளம். இனி செய்ய வேண்டியது, துளிகளைச் சேர்ப்பதுதான். பிரேக், ஸ்டீயரிங் பக்கம் போகக் கூடாது என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டார். ஆளைக் கொல்லும் குறை வேண்டாம், அதிகாரிக்கு எரிச்சலூட்டும் குறை போதும். எதையும் அளவோடு கொடுத்துப் பழகிய கை அது.

மறுநாள் காலையில் நகம் வெட்டும் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போய் வைப்பரின் ரப்பரை நறுக்கினார். பாதிக்கு மேல் நறுக்கியிருந்தபோது பின்னாலிருந்து மனைவியின் குரல் கேட்டது.

"ஏங்க, என்ன பண்றீங்க?"

"வைப்பர்... கிழிஞ்சு போச்சான்னு பார்க்கிறேன்."

மனைவி கிட்டே வந்து பார்த்தார். "ஐயையோ, நார் நாரா தொங்குதே! டெஸ்ட்டை வெச்சுக்கிட்டு இப்படியா? நல்ல வேளை, பார்த்தீங்க."

மதியம் சாப்பிட வந்தபோது காரில் புத்தம் புதிய வைப்பர்கள் பளபளத்தன. அதோடு விட்டாரா மனைவி? சோப்புத் தண்ணீர் கரைத்து முன் விளக்கு, பின் விளக்கு எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவியிருந்தார். வருஷக்கணக்காக அழுக்கேறி மங்கிப்போயிருந்த விளக்குகள் அவை. மருந்துக்கடைக்காரர் பெரிதும் நம்பியிருந்த குறை. இப்போது பகல் வெளிச்சத்திலேயே கண் கூசியது.

"எப்படி இருக்கு?" என்றார் மனைவி, ஈரக் கையோடு.

"நல்லா இருக்கு" என்றார் அவர். சோறு இறங்கவில்லை.

சரி, வீட்டில் வைத்துச் செய்தால்தானே இந்த வம்பு என்று, கடை வாசலில் காரை நிறுத்தியபோது யாரும் பார்க்காமல் நம்பர் பிளேட் விளக்கின் பல்பைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இருமல் மருந்து வாங்க வந்த மெக்கானிக் கண்ணில் அது பட்டுத் தொலைத்தது.

"சார், உங்க பல்பை எவனோ கழட்டிட்டுப் போயிட்டான்!"

"அப்படியா?" என்றார் மருந்துக்கடைக்காரர், சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டு. "போகட்டும், விடுங்க. சில்லறைக் குறைதானே?"

"அதெப்படி விடறது? நீங்க கவலைப்படறதைப் பார்த்தா எனக்கே மனசு கேக்கலை."

அடுத்த வாடிக்கையாளருக்கு மருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு நிமிர்வதற்குள், மெக்கானிக் பட்டறைக்குப் போய்ப் புது பல்பு கொண்டுவந்து மாட்டிவிட்டிருந்தார். "டிக்கிக்கும் கொஞ்சம் கிரீஸ் போட்டு நிமிர்த்திட்டேன் சார். இப்ப ஒரு விரலால தள்ளினா மூடிக்குது. அந்தப் பின் கதவும் இனிமே உள்ளேருந்தே திறக்கும். காசெல்லாம் வேண்டாம். பாஸாயிட்டு வந்து சொல்லுங்க, அது போதும்."

வேறு வழியில்லாமல் அவருக்கு நன்றி சொல்லி, இருமல் மருந்தை இலவசமாகக் கொடுத்தனுப்பினார். நல்லவர்கள் சூழ்ந்திருப்பது எவ்வளவு பெரிய கஷ்டம் என்று அன்றுதான் அவருக்குப் புரிந்தது.

மிச்சமிருந்த பெரிய நம்பிக்கை ஹாரன். அது ஒலி எழுப்பும் என்று சொன்னால் பொய். சளி பிடித்த ஆடு மாதிரி லேசாக இருமும். அந்த இருமலையும் நிறுத்திவிட்டால் ஒரு குறை உறுதி. சாயங்காலம் பானெட்டைத் திறந்து ஹாரனுக்குப் போகிற ஒயரைத் தேடினார். எல்லா ஒயரும் ஒரே மாதிரி இருந்தன. குத்துமதிப்பாக ஒன்றைப் பிடித்து இழுத்தார். அது வேறு எதற்கோ உரியது போலிருந்தது. பயந்துபோய் அதைத் திரும்பச் செருகினார். இன்னொன்றை இழுத்தார். அது ஏற்கெனவே கழன்றுதான் தொங்கிக்கொண்டிருந்தது. எங்கே கை பட்டுக் கழன்றதோ என்று பதறி அதையும் அழுத்திச் செருகினார். பிறகு சோதித்துப் பார்க்க ஹாரனை ஒரு அமுக்கு அமுக்கினார்.

தெருவே அதிர்ந்தது. எதிர்வீட்டுச் சுவரில் தூங்கிக்கொண்டிருந்த பூனை அந்தப் பக்கம் விழுந்தது. மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் கையிலிருந்த வாளியைக் கீழே போட்டார்.

மனைவி ஓடி வந்தார். "ஹாரன் சரியாயிடுச்சா? நீங்களேவா சரி பண்ணீங்க?"

"ஆமா" என்றார் அவர், உடைந்த குரலில்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை கேள்விப்பட்டிருக்கிறோம். பூதத்தைக் கூப்பிடப் போய் நல்ல தண்ணீர் கிடைத்து அழுதவர் இவர் ஒருவர்தான்.

கை கழுவிவிட்டு உள்ளே வந்தபோது மனைவி அறையிலிருந்து அக்காவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். "எங்க வீட்டுக்காரரு காரே கதின்னு கிடக்காரு அக்கா. ஹாரனைக்கூட அவரே சரி பண்ணிட்டாருன்னா பார்த்துக்கயேன். நாளன்னிக்குக் காலையில டெஸ்ட். மூணாவது வரிசையாம், கறார்னு ஒரு அதிகாரியாம், யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாராம். அவர்கிட்டதான் காட்டணும்னு இவரே கேட்டு வாங்கியிருக்காரு. நேர்மையா பாஸாகணுமாம் அக்கா... ஆமா, அத்தான்கிட்டேயும் சொல்லு."

கட்டிலின் மேல் இரண்டு ஸ்வெட்டர்கள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. ஒரே நிறம், ஒரே பின்னல். ஒன்று தங்கைக்கு, ஒன்று அக்காவுக்கு. மருந்துக்கடைக்காரர் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மனைவி தனக்கென்று ஆசைப்பட்ட முதல் பயணம் இது என்று நினைவு வந்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒழுங்காகப் போய்ப் பாஸாகிவிட்டு வந்தால்தான் என்ன என்றுகூட நினைத்தார்.

அப்போது, "அது மரம் சகலை!" என்ற குரல் காதுக்குள் கேட்டது. வெட்கம் போய்விட்டது.

டெஸ்ட் நாளன்று மனைவி எழுவதற்கு முன்பே எழுந்து, கடைசி நேரத்தில் முடிந்ததைச் செய்தார். ஒரு சக்கரத்தின் மூடியைப் பிடுங்கிப் பழைய செய்தித்தாள் கட்டுக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். விரிசல் கண்ணாடியின் திருகைத் தளர்த்தினார். உடைந்த இண்டிகேட்டரின் மேல் ஒட்டியிருந்த டேப்பை உரித்தார். வெயில் மறைக்கிற பலகையை, தொட்டால் மடியில் விழுகிற மாதிரி வைத்தார். எல்லாம் சேர்ந்தால் எந்த அதிகாரிக்கும் எரிச்சல் வரும் என்று திருப்தியோடு கிளம்பினார்.

வழியெல்லாம் நன்றாகத்தான் ஓட்டினார். எதிரே சைக்கிளில் வந்த ஒருவர் இவர் காரைப் பார்த்ததும் இறங்கி, சைக்கிளோடு ஓரமாக ஒதுங்கி நின்றார். அந்தத் தெருவில் எல்லோரும் அவருக்கு அந்த மரியாதையைக் கொடுப்பார்கள். அவரும் பதிலுக்குக் கையசைத்துவிட்டுப் போனார்.

பரிசோதனை நிலையம் என்பது தகரக் கூரை போட்ட நீண்ட கொட்டகை. தரையில் மஞ்சள் கோடுகள், நடுவில் சக்கரங்களை ஏற்றி நிறுத்தும் உருளைகள். முதல் இரண்டு வரிசைகளிலும் வண்டிகள் வாசல்வரை நின்றன. மூன்றாவது வரிசை காலியாகக் கிடந்தது. அங்கே ஒல்லியாக ஒருவர், காதில் பேனாவைச் செருகிக்கொண்டு, கையைக் கட்டி நின்றிருந்தார். மருந்துக்கடைக்காரர் நேராக அவர்முன் கொண்டுபோய்க் காரை நிறுத்தினார். அவர் கால் விரலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது.

கறார் நம்பர் பிளேட்டைப் பார்த்தார். மருந்துக்கடைக்காரரைப் பார்த்தார். மறுபடியும் நம்பர் பிளேட்டைப் பார்த்தார்.

"ஓ, இதுதானா அந்தக் கார்?"

மருந்துக்கடைக்காரருக்கு உள்ளம் குளிர்ந்தது. காரின் கெட்ட பெயர் காருக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருக்கிறது.

"முதல்லேயே சொல்லிடறேன் சார். வலது பக்கக் கண்ணாடி விரிசல்."

"சிறு குறை" என்று எழுதிக்கொண்டார் கறார்.

"ஆட்டமும் ஆடுது சார்."

கறார் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து ஒரு திருகு திருகினார். "இப்ப ஆடாது."

"இண்டிகேட்டர் உடைஞ்சிருக்கு."

"எரியுதா?"

"எரியுது. ஆனா உடைஞ்சு எரியுது."

"சிறு குறை."

"இந்த வெயில் பலகை மடியில விழுது சார். பாருங்க, தொட்டதும் விழுது."

"எடுத்துத் திரும்ப மாட்டுங்க. இது கணக்கிலேயே வராது."

"ஒரு சக்கரத்துக்கு மூடியே இல்லை!"

பக்கத்து வரிசையில் நின்ற வேன்காரர் இதைக் கேட்டுக் கொதித்துப்போனார். "சார், போன வாரம் மூடி இல்லேன்னு என் வண்டியைத் திருப்பி அனுப்பினீங்களே!"

"அது போன வாரம்" என்றார் கறார்.

வேன்காரர் வாயைத் திறந்தவர் மூட மறந்துவிட்டார். மற்ற வரிசைகளிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக வந்து வேடிக்கை பார்க்கத் தொடங்கினார்கள். குறையை மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறார்கள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குறையைக் காட்டுகிறவரையும், அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளாத கறாரையும் அவர்கள் பார்த்ததே இல்லை.

காரை உருளையின் மேல் ஏற்றி, பிரேக்கைச் சோதித்தார் கறார். கருவியைப் பார்த்தார். சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தார். எழுந்து நின்று மருந்துக்கடைக்காரரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"பிரேக் மாத்தி எத்தனை வருஷம் ஆச்சு?"

"மாத்தினதே இல்லை சார்" என்றார் மருந்துக்கடைக்காரர். வந்தது நல்ல காலம் என்று நினைத்துக்கொண்டார்.

"தேயவே இல்லையே! புதுசு மாதிரி இருக்கு. நீங்க பிரேக்கே போடறதில்லையா?"

"தேவைப்பட்டாத்தான் போடுவேன்."

கறார் அதையும் எழுதிக்கொண்டார்.

மருந்துக்கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. குரலைத் தாழ்த்தி, கையைக் கூப்பாத குறையாகக் கேட்டார். "சார், இவ்வளவு குறை இருக்கு. ஒவ்வொண்ணும் சின்னதுதான், நான் இல்லேங்கலை. ஆனா மொத்தமா பாருங்க. எல்லாத்தையும் சரி பண்ணிட்டு வான்னு என்னை நீங்க தாராளமா திருப்பி அனுப்பலாம். நான் தப்பாவே நினைக்க மாட்டேன்."

"அனுப்பலாம்" என்று ஒத்துக்கொண்டார் கறார். "ஆனா ஒண்ணு. இங்கே எத்தனையோ வருஷமா நிக்கிறேன். ஒருத்தர் வந்து, இதை இப்படிச் செய்யுங்கன்னு சொன்னா, நான் அப்படிச் செஞ்சதே கிடையாது. நேர் எதிராத்தான் செய்வேன். அது என் சுபாவம்."

மருந்துக்கடைக்காரருக்குச் சட்டென்று பொறி தட்டியது. அடடா, கேட்டுத்தானே கெடுத்துக்கொண்டோம்! உடனே நிமிர்ந்து, உரத்த குரலில் சொன்னார்: "சரி சார், அப்படின்னா பாஸ் பண்ணிடுங்க! எப்படியாவது பாஸ் பண்ணிடுங்க!"

"முதல்லேயே பண்ணிட்டேன்" என்றார் கறார்.

சொன்னதோடு நிற்காமல், கையகலப் பச்சை வில்லையை எடுத்து முன் கண்ணாடியில் ஒட்டி, முழங்கையால் நாலு தேய் தேய்த்தார். அது இனி கண்ணாடி உடைந்தால்தான் வரும். பிறகு ஜன்னல் வழியாகக் குனிந்து, கொஞ்சம் அக்கறையோடு விசாரித்தார்.

"உங்களுக்கு வேண்டாதவங்க யாராவது இருக்காங்களா?"

"எனக்கா? மருந்துக்கடை வெச்சிருக்கேன் சார். எல்லாருக்கும் வேண்டியவன்தான்."

"நல்லது. சந்தோஷமா நாலு இடம் போய்ட்டு வாங்க. அந்தக் கண்ணாடியை மட்டும் சீக்கிரம் மாத்திடுங்க. பிரேக் ஒண்ணு இருக்குங்கிறதையும் ஞாபகம் வெச்சுக்குங்க."

வீடு திரும்பும் வழியெல்லாம் யோசித்தார். ஃபெயில் என்று பொய் சொல்லலாமா? பச்சை வில்லை அவர் கண்ணுக்கு முன்னாலேயே நின்று சிரித்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தார். நகம்தான் போயிற்று. கெடுவான் கேடு நினைப்பான் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

மனைவி வாசலிலேயே நின்றிருந்தார், காதில் போனோடு. கார் திரும்பியதும் வில்லையைப் பார்த்துவிட்டார். "அக்கா, பாஸ்! பாஸாயிடுச்சு அக்கா!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார். போனைக் கையால் மூடிக்கொண்டு அவர் பக்கம் திரும்பியபோது கண் கலங்கியிருந்தது.

"உங்களைப் போய்த் தப்பா நினைச்சுட்டேங்க. அத்தான்கூட வர உங்களுக்குப் பிடிக்கலையோ, அதனாலதான் டெஸ்ட் அது இதுன்னு சாக்கு சொல்றீங்களோன்னு நினைச்சேன். நீங்க என்னடான்னா எனக்காக வைப்பர், ஹாரன்னு ஒவ்வொண்ணா பார்த்துப் பார்த்துப் பண்ணியிருக்கீங்க."

  இந்தச் சந்தோஷத்தையா கத்தரிக்கோல் வைத்து நறுக்கப் பார்த்தோம் என்று மருந்துக்கடைக்காரருக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. ஒரு வாரம்தானே? மரத்தை மரம் என்று சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். சகலையும் மனிதர்தானே, அவருக்கும் ஒரு வெளியூர்ப் பயணம் என்றால் ஆசை இருக்காதா? எவ்வளவு ஆவலோடு காத்துக்கொண்டிருக்கிறாரோ, பாவம்.

"சகலை இருக்காரான்னு கேளு. நானே சொல்றேன்" என்று போனை வாங்கிக்கொண்டார். மனைவி ஸ்வெட்டர்களை எடுத்துவைக்க உள்ளே ஓடினார்.

போன் கைமாறும் சத்தம் கேட்டது. "ஹலோ" என்றார் சகலை.

"சகலை, சந்தோஷ சமாச்சாரம்! கார் பாஸாயிடுச்சு. நாளைக்குக் காலையில கிளம்பறோம். முன் சீட்டு உங்களுக்குத்தான். வேற யாரையும் உட்கார விடமாட்டேன். மலையில எத்தனை வளைவு இருந்தா என்ன, நீங்க பக்கத்துல இருந்து சொல்லிக்கிட்டே வாங்க, நான் பறந்துடறேன்!"

 எதிர்முனையில் ஒரு கதவு மூடும் ஒலி கேட்டது. சகலை தன் மனைவிக்குக் கேட்காமல் எங்கோ ஒதுங்கிப் போயிருக்க வேண்டும். அவர் குரல் கிசுகிசுப்பாக, அழுகிற மாதிரி வந்தது.

"அது எப்படி சகலை பாஸாகும்? உங்க பக்கத்துல உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டு மலை ஏற என்னால முடியாது, இந்த ஒரு காரை மட்டும் எப்படியாவது ஃபெயில் பண்ணி விட்டுடுங்கன்னு, நேத்து நானே நேர்ல போய் அந்தக் கறார் கால்ல விழாத குறையா கெஞ்சிட்டு வந்தேனே!"